டொலர் வட்டி: வீதத்துக்கு முன் காப்புறுதியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வெளிநாட்டிலுள்ள நம்மவர்கள் டொலர் சேமிப்பை எங்கே போட்டால் கூடுதல் வட்டி கிடைக்கும் என்று தங்கள் வார இதழில் வந்த கட்டுரை, வட்டி வீதங்களை மட்டும் அடுக்கியிருந்தது. வங்கி விழுந்தால் யார், எவ்வளவு தருவார்கள் என்ற பேச்சே அதில் இல்லை.

வளைகுடாவில் வேலை செய்வோரும், கோணேசர் கோயில் திருவிழாவுக்கு வந்துபோகும் கனடா, லண்டன் உறவுகளும் திருகோணமலைக் கிளைகளில் திறப்பது பெரும்பாலும் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்குத்தான். அதில் டொலராகவே நிலையான வைப்பு போடலாம். ஆனால் இலங்கை வைப்புக் காப்புறுதியின் உச்சவரம்பு ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 3,667 டொலர் அளவுதான். 20,000 டொலரை ஒரே வங்கியில் போடுபவர் மிச்சத்துக்கு அந்த வங்கியை மட்டுமே நம்பியிருக்கிறார். இலங்கை அரசின் டொலர் முறி (கடன் பத்திரம்) அதைவிடப் பத்திரம் என்பாரும் உண்டு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை அரசு நிறுத்தியதை இவ்வளவு விரைவில் மறக்கலாமா?

சிங்கப்பூர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்பதும் பிழை. அங்கே 1 இலட்சம் சிங்கப்பூர் டொலர் வரையான காப்புறுதி சிங்கப்பூர் டொலர் வைப்புகளுக்கு மட்டுந்தான். அமெரிக்க டொலர் வைப்பு அதற்குள் வராது. கனடாவில் வெளிநாட்டு நாணய வைப்பும் 2020 முதல் 1 இலட்சம் கனடிய டொலர் வரம்புக்குள் அடங்கும். அமெரிக்க வங்கிகளில் 2,50,000 டொலர் வரை உண்டு, வைப்பாளர் அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருப்பவருக்கு என் முதல் தெரிவு அமெரிக்கத் திறைசேரி உண்டியல், அதாவது அந்நாட்டு அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம். 4, 6, 8, 13, 17, 26, 52 வாரத் தவணைகளில் வரும். அமெரிக்க அரசின் நேரடி இணையத்தளத்தில் கணக்குத் திறக்க அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் கேட்பார்கள், ஆகவே தரகுக் கணக்கு வழியாகத்தான் வாங்க முடியும். வட்டி தனியாக வராது, குறைத்த விலைக்கு (கழிவில்) வாங்கி, முதிர்வில் முழுப் பெறுமதியைப் பெறுவது. முதிர்வில் கிடைக்கும் தொகை (முகப்பெறுமதி) 10,000 டொலர், 182 நாள், ஆண்டுக் கழிவு வீதம் 4, ஆண்டுக்கு 360 நாள் கணக்கு என்றால் 10,000 × 0.04 × 182 ÷ 360 = 202.22. கட்டுவது 9,797.78. போட்ட காசுக்கு 365 நாள் கணக்கில் பார்த்தால் 4.14 வீதம். இதை வங்கி வைப்பின் வீதத்தோடு ஒப்பிடுவோர் கழிவு வீதத்தையே வைத்துப் பார்த்து ஏமாறுகிறார்கள். முதிர்வுக்கு முன் விற்றால் அன்றைய சந்தை விலைதான். வீதம் ஏறியிருந்தால் எதிர்பார்த்ததைவிடக் குறையும்.

பலரின் காசைச் சேர்த்துக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் பணச்சந்தை நிதியம் வசதியானது, ஆனால் காப்புறுதி இல்லை. 2008 செப்டெம்பரில் அமெரிக்காவில் எப்போதும் 1 டொலராக நிற்க வேண்டிய ஒரு நிதியத்தின் பங்கு அதற்குக் கீழே போனது. இன்னொரு சிக்கல்: அமெரிக்காவில் பதிந்த நிதியப் பங்கு, அங்கே வசிக்காத வெளிநாட்டவர் இறந்தால் 60,000 டொலருக்கு மேல் மரணச் சொத்து வரிக்கு உட்படலாம். திறைசேரி உண்டியலுக்கும் சாதாரண வங்கி வைப்புக்கும் அந்தத் தொல்லை இல்லை. இவற்றின் வட்டிக்கு அமெரிக்க வருமான வரியும் இல்லை, ஆனால் குடியிருக்கும் நாட்டில் காட்டியே ஆக வேண்டும்.

அமெரிக்க வரிக்கு உட்படாத வெளிநாட்டவர் என்று தரகரிடம் எழுதிக் கொடுக்கும் டபிள்யூ-8 பென் படிவம் ஒப்பமிட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டின் டிசெம்பர் 31 வரைதான் செல்லும். புதுப்பிக்க மறந்தால் வட்டியில் வரி பிடிப்பார்கள்.

இங்குள்ள நிலையான வைப்பிலும் இதுபோன்ற மறதி பலருக்கு நட்டம். முதிர்வு நாளில் அறிவுறுத்தல் கொடுக்காவிட்டால் அன்றைய வீதத்தில் தானாகப் புதுப்பித்துவிடுவார்கள். இடையில் உடைத்தால் வட்டி வெட்டுவார்கள். சிறு தொகையை அடிக்கடி அனுப்புவதும் வேண்டாம்: 1,000 டொலருக்கு 4 வீதத்தில் ஓராண்டு வட்டி 40 டொலர். போக ஒரு தடவை, வர ஒரு தடவை இடையில் பணத்தைக் கடத்தும் வங்கி கட்டணமாக 20 டொலர் வீதம் பிடித்தால் அந்த வட்டி அப்படியே போய்விடும்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை.