சோர்வைக் கேட்கிறோம், தூக்கத்தைக் கேட்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, நடை தடுமாறுவதையும் பார்வை மங்குவதையும் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், இந்நோயாளிகளில் பெரும்பாலோரை வாட்டும் சோர்வுக்கு ஒரே வரியை ஒதுக்கிவிட்டு, அவர்களுடைய தூக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டது, இந்நோயுள்ள தங்கையைப் பராமரித்துவரும் எனக்குப் பெருங்குறையாகப் பட்டது.

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்குவதால், சோர்வு நோயின் நேரடி விளைவாகவும் இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும், 'இந்த நோய் என்றால் அப்படித்தான்' என்று பேச்சை முடித்துவிடுவதால், சரிசெய்யக்கூடிய காரணங்களும் கவனிக்கப்படாமல் போகின்றன. சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் பாதிக்கப்படும்போது ஓரிரவில் பலமுறை எழ வேண்டியிருக்கிறது. தள்ளாடும் கால்களோடு இருட்டில் கழிப்பறைக்குப் போக அஞ்சிப் பகலெல்லாம் தண்ணீரைக் குறைத்துக்கொள்பவர்களுக்கு, மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும்தான் மிஞ்சுகின்றன. கூச்சத்தால் இதை வீட்டாரிடம்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. படுத்தவுடன் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் கோளாறும் இவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. உடலில் இரும்புச்சத்து குறைந்தால் அது தீவிரமாகும் என்பதால், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவை அறியும் இரத்தப் பரிசோதனையே சிலருக்கு வழிகாட்டிவிடும்.

இரவில் வரும் தசை இறுக்கம், வலி, மனச்சோர்வு ஆகியவற்றோடு மருந்துகளும் தூக்கத்தைக் கெடுப்பதுண்டு. நோய் திடீரென மோசமாகும்போது தரப்படும் மெத்தில்பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகளைக் காலையிலேயே கொடுத்துவிட முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. வீட்டார் கேலி செய்து கடந்துவிடும் குறட்டைக்குப் பின்னால், உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருக்கக்கூடும். அதை ஆராயாமல் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது மூச்சுத் தடையை மேலும் மோசமாக்கலாம். நடை தளர்ந்தவர்கள் இரவில் எழும்போது விழுவதற்கும் அந்த மாத்திரை காரணமாகலாம்.

உடல் உழைப்பின்போது இந்நோயாளிகளின் பார்வை மங்குவதை 1890-இல் ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் விவரித்தார். உடல் வெப்பம் ஏறுவதே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. வெப்பம் இப்படி அறிகுறிகளைக் கூட்டுவதால், நம் ஊர்ச் சித்திரை மாத மின்வெட்டு இவர்களுக்கு வெறும் புழுக்கமல்ல என்பதை மின்வாரியமும் உணர வேண்டும்.

நரம்பியல் மருத்துவர் ஒருவரையும் தூக்க மருத்துவ வல்லுநர் ஒருவரையும் கொண்டு, மாத்திரையில்லாத நடத்தைச் சிகிச்சை முறைகளையும் சேர்த்து விளக்கும் கட்டுரையொன்றை அடுத்துவரும் இதழ்களில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மதுரை.