ஜஸ்பால் பட்டியை விட்டுவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பழைய தூர்தர்ஷன் நாட்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 'ஹம் லோக்' இருந்தது, 'புனியாத்' இருந்தது, 'ராமாயண்' ஓடிய ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு வெறிச்சோடிக் கிடந்ததும் இருந்தது. ஆனால் 'ஃப்ளாப் ஷோ' என்ற நையாண்டித் தொடர் பற்றி ஒரு வரி இல்லை. அதை எழுதி, இயக்கி, நடித்த ஜஸ்பால் பட்டி என்ற பெயரையே காணோம். இது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

இளைய வாசகர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1955 மார்ச் 3ஆம் தேதி அமிர்தசரஸில் பிறந்தவர். சண்டிகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தார். படிக்கும்போதே 'நான்சென்ஸ் கிளப்' என்று ஒன்றை ஆரம்பித்து, லஞ்சத்தையும் அரசாங்க மெத்தனத்தையும் கிண்டல் செய்து தெருவில் நாடகம் போட்டார். அப்புறம் சண்டிகரிலிருந்து வரும் 'தி ட்ரிப்யூன்' பத்திரிகையில் கார்ட்டூன் வரைந்தார். இன்ஜினியர், கார்ட்டூனிஸ்ட், தெரு நாடகக்காரர் என்ற இந்த மூன்றும் சேர்ந்தவர்தான் பிறகு டிவிக்கு வந்தார். (நம் கிரேஸி மோகனும் கிண்டியில் மெக்கானிக்கல் படித்தவர்தான். இன்ஜினியர்களுக்கும் நகைச்சுவைக்கும் என்ன சம்பந்தமோ, இதைப் பற்றியே நீங்கள் தனியாக ஒரு கட்டுரை போடலாம்.)

எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷனில் 'உல்டா புல்டா' என்று சின்னச் சின்னத் துண்டுகளாக அவர் நிகழ்ச்சி வரும். ஆரம்பித்த வேகத்தில் முடிந்துவிடும், ஆனால் அதற்குள் ஒரு விஷயத்தை நறுக்கென்று சொல்லியிருப்பார். அந்தப் பெயர்தான் அவரை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதற்கடுத்து 1989இல் 'ஃப்ளாப் ஷோ'. எழுதியது, இயக்கியது, நடித்தது எல்லாம் அவர். தயாரித்தவர் அவர் மனைவி சவிதா பட்டி, தொடரிலும் அவருக்கு மனைவியாகவே வருவார். நடிகர் விவேக் ஷௌக் கூடவே இருப்பார். மொத்தமே பத்துப் பகுதிகள்தான். ஆயிரம் எபிசோடு ஓட்டுகிற காலத்தில் இருக்கும் நமக்கு இது நம்பவே கஷ்டம், பத்தே பத்து பகுதி எடுத்துவிட்டு ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேல் நினைவில் நிற்கிறார் என்றால் அந்தப் பத்தில் எவ்வளவு சரக்கு இருந்திருக்க வேண்டும்!

என்ன சரக்கு? செத்துக் கிடக்கும் டெலிபோன், பொய் மருத்துவ பில், மணலை வைத்தே கட்டிடம் எழுப்பும் கான்ட்ராக்டர், விழாவுக்குத் தலைமை விருந்தினர் தேடி அலைவது, மனை விற்பவர்களின் தில்லுமுல்லு. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் யாரைக் கிண்டல் செய்யப் போகிறாரோ அவர்களுக்கே அந்தப் பகுதியைச் சமர்ப்பணம் செய்துவிடுவார். முடிவில் ஒரு பழைய இந்திப் பாட்டு மெட்டில் அன்றைய விஷயத்தையே வரிகளாகப் போட்டுப் பாடுவார்கள். எழுத்து ஓடும்போதுகூட இயக்கம் என்று போடாமல் 'தவறாக இயக்கியவர்' என்று தன் பெயரைப் போட்டுக்கொள்வார்.

பிஎச்.டி. பற்றிய பகுதியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி மாணவரை விரட்டி விரட்டி வீட்டு வேலை வாங்கும் வழிகாட்டிப் பேராசிரியர் கதை. அந்தப் பேராசிரியராக வருபவர் பட்டியேதான். என் சொந்தக்காரப் பையன் ஒருவன் அப்போது பிஎச்.டி. செய்துகொண்டிருந்தான், வழிகாட்டி வீட்டு கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவன், அவனுக்கு அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி சரளமாகத் தெரியாது. ஆனால் ஃபைலைப் பார்க்காமலே "நாளைக்கு வா" என்று சொல்கிற முகம் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே முகம்தானே, அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வருகிறது. நையாண்டி எழுதும் பலர் தங்களுக்கு நல்லவன் வேஷம் எடுத்துக்கொள்வார்கள், ஊரே அயோக்கியர்கள், தான் மட்டும் தட்டிக் கேட்பவன் என்று. பட்டி அப்படி ஒதுங்கி நின்றவர் இல்லை. சுரண்டுகிற பேராசிரியராகத் தானே வந்து நின்றார், அதையும் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், தான் செய்வது ரொம்ப நியாயம் என்கிற தோரணையோடு செய்தார். குரல் உயராது, கண்ணைச் சுழற்ற மாட்டார், ஓடி விழ மாட்டார். பார்க்கிறவர்கள் தங்களையே அதில் அடையாளம் கண்டுகொள்ள அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பொய் பில் போட்டவர்கள் ஆபீசர்கள் மட்டுமா, நம் வீட்டிலும் இருந்தார்களே.

இன்னொன்று, இதை நம் பத்திரிகைகள் பேசவே இல்லை. அவர் சீக்கியர், தலைப்பாகையோடுதான் திரையில் வருவார். அது எந்தக் காலம் என்று யோசியுங்கள். 1984இல் டெல்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்று ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. பஞ்சாபில் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை, செய்தியில் பஞ்சாப் என்று வந்தாலே எத்தனை பேர் செத்தார்கள் என்றுதான் வரும். அதே சமயம் நம் வார இதழ்கள் பக்கம் பக்கமாக சர்தார்ஜி ஜோக் போட்டுக்கொண்டிருந்தன. சீக்கியர் என்றால் ஒன்று தீவிரவாதி, இல்லாவிட்டால் அசடு என்ற இரண்டே படம்தான் இங்கே பலர் மனதில் இருந்தது. அந்த நேரத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு நடுத்தர வர்க்கத்து மனிதர், டெலிபோன் வேலை செய்யாமல் அல்லாடுகிறவர், மனைவியிடம் பேச்சு வாங்குகிறவர், நம் எல்லோரையும்விடக் கூர்மையாக யோசிக்கிறவர், தேசிய ஒளிபரப்பில் வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்து நாம் சிரித்தது ஒருநாளும் அவர் தலைப்பாகைக்காக இல்லை. எத்தனை மேடைப் பேச்சு, எத்தனை ஒருமைப்பாட்டு விளம்பரம் வந்தாலும் இதைச் செய்திருக்க முடியாது.

அரசாங்கத்தின் சொந்தத் தொலைக்காட்சியில் அரசாங்க அலுவலகங்களையே கிண்டல் செய்ய விட்டார்கள் என்பதும் சாதாரண விஷயமில்லை. தூர்தர்ஷனை நாம் எவ்வளவோ திட்டுகிறோம், இதற்கு மட்டும் ஒரு நன்றி சொல்லித்தான் ஆகவேண்டும். இன்றைக்கு நூற்றுக்கணக்கான தனியார் சேனல் இருக்கிறது, நகைச்சுவை நிகழ்ச்சி என்று போட்டால் குண்டாக இருப்பவரையும் கறுப்பாக இருப்பவரையும் பெண் வேஷம் போட்டவரையும் வைத்துத்தான் பாதி சிரிப்பு. கான்ட்ராக்டர் எங்கே போனார்? தாலுகா ஆபீஸ் எங்கே போனது? இதைக் கேட்டால் பழைய ஆள் புலம்புகிறான் என்பார்கள், பரவாயில்லை, கேட்கத்தான் வேண்டும்.

பிற்பாடு 'ஃபுல் டென்ஷன்' என்ற தொடர் செய்தார், இந்திப் படங்களில் சின்ன வேஷங்கள், 1999இல் பஞ்சாப் போலீஸை வைத்து 'மாஹோல் டீக் ஹை' என்ற பஞ்சாபிப் படத்தை இயக்கினார். ஆனாலும் தெருவை விடவில்லை. விலைவாசி ஏறியபோது சண்டிகரில் ஒரு கடை விரித்து காய்கறி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அடுக்கிவைத்து, பொருட்காட்சியில் வளையம் எறிந்து சோப்பு டப்பா ஜெயிப்போமே அதுபோல, வளையம் எறிந்து காய்கறியை ஜெயித்துக்கொண்டு போங்கள் என்றார். வாங்க முடியாது, ஜெயித்தால்தான் உண்டு! தேர்தல் வந்தால் 'ஹவாலா பார்ட்டி' என்று தானே ஒரு கட்சி ஆரம்பிப்பார். கல்லூரி நாட்களின் நான்சென்ஸ் கிளப் கடைசி வரை அவரோடு இருந்தது.

பஞ்சாபின் மின்வெட்டை வைத்து 'பவர் கட்' என்று ஒரு படம் எடுத்தார், மகன் ஜஸ்ராஜ்தான் நாயகன். 2012 அக்டோபர் 26 வெளியீடு. விளம்பரத்துக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது, 25ஆம் தேதி அதிகாலையில் ஜலந்தர் மாவட்டம் ஷாகோட் அருகே கார் விபத்தில் இறந்துபோனார். 57 வயது. காரில் இருந்த மகன் காயங்களோடு பிழைத்தார். அடுத்த ஆண்டு பத்ம பூஷண் கொடுத்தார்கள், வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

உங்கள் இதழ் சினிமாவுக்கு மாதாமாதம் இவ்வளவு பக்கம் தருகிறது. ஜஸ்பால் பட்டிக்கு ஒரு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். கூடவே 'ஃப்ளாப் ஷோ'வின் பத்துப் பகுதிகளையும் தமிழ் சப்டைட்டிலோடு மறுபடி ஒளிபரப்பச் சொல்லி தூர்தர்ஷனுக்கு உங்கள் இதழ் சார்பில் ஒரு கடிதம் போடுங்கள். வாசகர்கள் கையெழுத்து தேவை என்றால் என் கையெழுத்து முதலாவதாக இருக்கட்டும், எங்கள் தெருவிலும் இன்னும் சிலரிடம் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர், திருச்சி