ரிப்பன் மாளிகையில் தொடங்கிய ஒரு சபாநாயகர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். யாருக்கு எவ்வளவு சொத்து, என்ன படிப்பு, எத்தனை வழக்கு என்று எல்லாம் போட்டிருந்தீர்கள். இவர்களில் யார் யார் ஊராட்சியிலோ நகராட்சியிலோ இருந்துவிட்டு வந்தவர்கள் என்பது மட்டும் இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஜெ. சிவசண்முகம் பிள்ளையைப் பற்றிச் சொன்னால் ஏன் என்பது புரியும். இன்றைக்கு அவர் பெயரே பலருக்குத் தெரியாமல் போனதில் எனக்கு நிறைய வருத்தம்.

பழைய காலத்தில் இருந்து பிறகு இல்லாமல் போன சென்னை மேயர் பதவி 1933-ல்தான் மறுபடியும் வந்தது. 1937-ல் பட்டியல் சமூகத்திலிருந்து முதல் மேயராக அவர் ரிப்பன் மாளிகையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அந்தச் சமூகத்தார் நுழைந்ததே 1939-ல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1946 மே மாதம் சென்னை மாகாண சட்டமன்றத்தின் சபாநாயகர் ஆனார். 1955 ஆகஸ்ட் வரை அவர்தான்.

அந்த ஒன்பது ஆண்டுகளும் லேசான காலம் இல்லை. 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுகிறவர்கள் எல்லாம் ஒரே அவையில் இருந்தார்கள். 1953-ல் ராஜாஜியின் புதிய கல்வித் திட்டம் வந்தது. குழந்தைகளுக்குப் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பாவின் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று நாடே எதிர்த்தது. ஜூலை 29-ம் தேதி, திட்டத்தை அடியோடு கைவிட வேண்டும் என்ற திருத்தம் ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 138, எதிர்ப்பு 138.

இப்படிச் சரிசமமாக நின்றால் சபாநாயகர் தன் ஓட்டைப் போடலாம். சாதியின் பெயரால் எதையெல்லாம் மறுப்பார்கள் என்று அறிந்த சமூகத்தில் பிறந்தவர் அவர். திட்டமோ அவருடைய சொந்தக் கட்சி அரசின் திட்டம். அவர் ஓட்டுப் போடவில்லை. அவையே பெரும்பான்மையால் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். திருத்தம் தோற்றது. ஆனால் அடுத்த தீர்மானம், திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பது, 139-க்கு 137 என்று நிறைவேறியது. அவை தானே முடிவு செய்தது. மறு ஆண்டு காமராஜர் வந்ததும் திட்டமே போய்விட்டது. அப்படி நாற்காலியின் எல்லைக்குள் நிற்கிற பழக்கம் அவருக்கு மாநகராட்சி மன்றத்தில் வந்தது என்றே நான் நம்புகிறேன். இன்னொன்றும் உண்டு. அன்றைய முதல்வர் ராஜாஜியும் 1917-லிருந்து இரண்டு ஆண்டுகள் சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர்தான்.

சரி, இப்போது ஏன் இதைச் சொல்கிறேன்? அதே சென்னை மாநகராட்சிக்கு 1973-லிருந்து 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. இருபத்து மூன்று ஆண்டுகள்! 2016-ல் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோதும் பெரும்பாலான கிராமங்களுக்கு 2019 டிசம்பரிலும் நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் வந்தது. அப்புறம் 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடியும் அரசு நியமிக்கும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின.

எங்கள் தெருவுக்கு வார்டு உறுப்பினராக இருந்த பெண்ணை நான் ஐந்து வருடமும் கவனித்தேன். முதல் கூட்டங்களில் கணவர்தான் பக்கத்தில் நின்று பதில் சொல்வார். மூன்றாவது வருடக் கிராம சபையில் அந்தப் பெண்ணே எழுந்து, தெருவிளக்குக் கணக்கில் பல்பு வாங்கியதாக எழுதியிருந்த எண்ணிக்கை தப்பு என்று சொன்னார். தன் வார்டில் எந்தக் கம்பத்தில் எப்போது மாற்றினார்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைக் கையில் பிடித்தபடியே பேசினார். கணக்கைத் திருத்தினார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் காலையில் அவர் வாசலில் கோலம் போடும்போதே போய்ச் சொல்லிவிடலாம். தனி அலுவலர் வந்தபின் அதையே சொல்ல இரண்டு பஸ் மாறி ஒன்றிய அலுவலகம் போக வேண்டியிருந்தது.

கணக்குப் படிக்கவும் எதிர்த்துப் பேசவும் அவர் கற்றுக்கொண்டது அந்த ஐந்து வருடத்தில்தான். அவரைப் போன்றவர்கள் நாளை சட்டமன்றம் போக வேண்டும் என்பது என் ஆசை. ஊராட்சித் தேர்தலையே தள்ளிப்போட்டால் எந்த வழியாகப் போவார்கள்? தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும் என்று நீங்களும் விடாமல் எழுதுங்கள். அடுத்த முறை உறுப்பினர்கள் பட்டியல் போடும்போது, உள்ளாட்சியில் எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்று ஒரு கட்டம் சேருங்கள். சிவசண்முகம் பிள்ளையைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையும், முடிந்தால் படத்தோடு, வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்