தரைத்தகட்டுக்கு அடியில் இருப்பவருக்கு

அன்புள்ள ஜேம்ஸ் டூஹன் ஐயா,

போன வாரம் இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். தூக்கம் பிடிக்கவில்லை. சரி, நீங்கள் விண்கப்பல் இன்ஜினியர் ஸ்காட்டியாக நடித்த ஸ்டார் ட்ரெக் டிவி தொடரில் ஒரு எபிசோடு பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 1967 டிசம்பரில் ஒளிபரப்பானது. ட்ரிபிள் என்கிற பஞ்சு உருண்டைப் பிராணிகள் கப்பல் முழுக்கப் பெருகி வழியும் கதை. அதில் ஒரு இடத்தில் நீங்கள் அந்தப் பிராணிகளை இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறீர்கள். அங்கே நிறுத்தினேன். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். உங்கள் வலது கையில் நடுவிரல் இல்லை.

எத்தனையோ தடவை பார்த்த எபிசோடு. இத்தனை வருடம் அது என் கண்ணில் படவே இல்லை. படாமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள் என்று அப்புறம்தான் புரிந்தது.

நான் ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் வேலையில் விரல் போவது புதிய சங்கதி இல்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த ஃபிட்டருக்கு இடது கையில் ஒன்றரை விரல் கிடையாது. எந்தக் கல்யாண போட்டோவிலும் அந்தக் கை பாக்கெட்டுக்குள்தான் இருக்கும். ஒருநாள்கூட அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. உங்கள் கையைப் பார்த்ததும் அவர் ஞாபகம் வந்துவிட்டது. உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் விரல் போன கதையைத் தேடிப் படித்தேன். 1944 ஜூன் 6, நார்மண்டியில் ஜூனோ கடற்கரை. கனடா பீரங்கிப் படையில் நீங்கள் லெப்டினன்ட், வயது 24. டாங்கிகளுக்காகக் கண்ணிவெடி புதைத்து வைத்திருந்த நிலத்தின் மேலேயே உங்கள் ஆட்களை நடத்திக்கொண்டு மேட்டுக்குப் போயிருக்கிறீர்கள். ஆள் எடைக்கு அவை வெடிக்காமல் விட்டதால் பிழைத்தீர்கள். பகல் முழுக்க ஒரு கீறல் இல்லை. இரவு பதினொன்றரை வாக்கில், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நடந்து போகும்போது ஆறு குண்டுகள் பாய்ந்தன. சுட்டவர் எதிரிகூட இல்லை. உங்கள் பக்கத்துக் காவலாள் ஒருவர், இருட்டில் பதறிப்போய் பிரென் துப்பாக்கியை அழுத்திவிட்டார். காலில் நான்கு, கையில் ஒன்று, மார்பில் ஒன்று. மார்புக்கு வந்த குண்டு சட்டைப்பையில் இருந்த வெள்ளி சிகரெட் பெட்டியில் பட்டு நின்றது. அது உங்கள் சகோதரர் கொடுத்த பெட்டி. கைக்கு வந்தது விரலைக் கொண்டுபோய்விட்டது.

அதோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? நீங்களோ விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, பீரங்கிக்குக் குறி சொல்லும் ஆஸ்டர் குட்டி விமானங்களில் பறந்தீர்கள். தந்திக் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டிக் காட்டி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்களாம். கனடாவின் விமானப்படையிலேயே கிறுக்குப் பிடித்த பைலட் என்று உங்களுக்கு ஒரு பெயர் இருந்ததையும் படித்தேன். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இன்ஜின் அறையில் ஸ்காட்டி செய்கிற காரியங்களுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

போர் முடிந்ததும் நீங்கள் போய்ச் சேர்ந்த இடம் ரேடியோ. ஏதோ ஒரு நாடகத்தைக் கேட்டுவிட்டு, இதைவிட நான் நன்றாகச் செய்வேனே என்று நேராக நிலையத்துக்குப் போய்க் குரலைப் பதிவு செய்தீர்கள். அங்கிருந்து டொராண்டோவில் நாடகப் பயிற்சி, பிறகு உதவித்தொகையுடன் நியூயார்க்கின் நெய்பர்ஹுட் பிளேஹவுஸ். ரேடியோவை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நீங்கள் வேறு காரணம் சொல்லியிருக்கலாம். எனக்கென்னவோ, மைக்குக்கு முன்னால் நிற்பவரின் கையை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் மனதில் ஓடுகிறது. குரல் ஒன்றை வைத்தே கிழவனாகவும் கப்பல் மாலுமியாகவும் ராஜாவாகவும் மாறப் பழகிய வருடங்கள் அவை.

அந்தக் குரல்தான் 1965-இல் கைகொடுத்தது. ஸ்டார் ட்ரெக் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி முன்னால் ஒரு விண்கப்பல் இன்ஜினியருக்கான வசனத்தைப் பல நாட்டு உச்சரிப்புகளில் பேசிக் காட்டினீர்கள். எது பிடித்திருக்கிறது என்று அவர் உங்களையே கேட்டார். இன்ஜினியர் என்றால் ஸ்காட்லாந்துக்காரர்தான் என்றீர்கள். கப்பல் இன்ஜின் என்றாலே உலகம் பூராவும் அவர்கள் பேர்தானே முதலில் வரும். உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயரிலிருந்து மாண்ட்கோமரியை எடுத்துக் கொடுத்தீர்கள். மாண்ட்கோமரி ஸ்காட் பிறந்தார். உங்கள் பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து வந்தவர்கள். நீங்கள் பிறந்தது வான்கூவர், வளர்ந்தது ஒன்டாரியோவின் சார்னியா. உங்களை அசல் ஸ்காட்லாந்துக்காரர் என்றே நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. முன்னோட்டப் படம் முடிந்ததும், தொடரில் இன்ஜினியர் தேவைப்படாது என்று உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது. உங்கள் ஏஜெண்ட் போய்ப் பேசியதால்தான் ஸ்காட்டி தப்பினார். ஐயா, இது எங்களுக்குப் பழகிய கதை. எங்கே செலவைக் குறைக்க வேண்டும் என்றாலும் முதலில் மெயின்டனன்ஸ் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். மெஷின் ஓடும்போது நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். நின்ற பிறகு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு போன் வரும். எண்டர்பிரைஸ் கப்பலில் கேப்டன் கிர்க் உங்களைக் கூப்பிடுகிற தொனி இருக்கிறதே, அந்தப் போனை நான் தினமும் எடுக்கிறேன்.

நீங்கள் அதற்குப் பதில் சொன்ன விதம்தான் அழகு. முடியாது என்பீர்கள், இதற்கு மேல் தாங்காது என்பீர்கள், சொல்லிக்கொண்டே குனிந்து வேலையை ஆரம்பித்துவிடுவீர்கள். 1984-இல் வந்த படத்தில் கேப்டன் கேட்கிறாரே, நீ எப்போதும் பழுதுபார்க்கும் நேரத்தை நாலு மடங்காகத்தான் சொல்வாயா என்று. ஆமாம், இல்லாவிட்டால் அதிசயம் செய்கிறவன் என்ற பேரை எப்படிக் காப்பாற்றுவது என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு எங்கள் பிரிவே கைதட்டியது. கம்ப்ரசர் எப்போது ஓடும் என்று கேட்டால் நாங்கள் சொல்கிற நேரத்துக்கும் அதே கணக்குதான். நாலு மடங்கு இல்லை, இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொள்வோம்.

அந்த ட்ரிபிள் எபிசோடில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இப்படித்தான். மதுக்கடையில் எதிரிகள் கேப்டனைக் கண்டபடி திட்டுகிறார்கள். நீங்கள் பொறுத்துக்கொள்கிறீர்கள், பக்கத்தில் துள்ளுகிறவரையும் அடக்கி உட்கார வைக்கிறீர்கள். அடுத்து கப்பலைக் குப்பை என்கிறான் ஒருவன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து விட்டீர்களே ஒரு குத்து! பிறகு விசாரணையில் கேப்டனிடம் அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த சங்கடத்தை நடிப்பு என்று என்னால் நினைக்க முடியவில்லை. அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று தண்டனை கொடுக்கிறார்கள். உங்களுக்கு ஒரே சந்தோஷம், தொழில்நுட்பப் பத்திரிகைகள் படிக்க நேரம் கிடைத்தது என்று.

1969 ஜூனில் தொடர் நின்றுபோனது. 79 எபிசோடுகள், மூன்று சீசன், அவ்வளவுதான். அதற்குப் பிந்திய வருடங்கள் உங்களுக்கு எவ்வளவு கசப்பாக இருந்தன என்பதை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எங்கே போனாலும் ஸ்காட்டி என்றார்கள், வேறு வேடம் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான ரேடியோ நாடகங்களில் விதவிதமாகப் பேசிய மனிதருக்கு ஒரே ஒரு உச்சரிப்பை மட்டும் விட்டுவைத்தது ஊர். கடைசியில் உங்கள் பல் டாக்டர்தான் சொன்னாராம், ஜிம்மி, நீ செத்த பிறகும் வெகுகாலம் ஸ்காட்டியாகத்தான் இருக்கப்போகிறாய், போகிற போக்கிலேயே போய்விடு என்று. அந்த டாக்டருக்கு ஒரு கும்பிடு. ஏனென்றால் நான் இந்தக் கடிதத்தில் உங்களுக்கு நன்றி சொல்ல வந்த விஷயம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

ரசிகை ஒருவரிடமிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. படித்தவுடனே தெரிந்துவிட்டது, அவர் உயிரை விடத் தீர்மானித்திருக்கிறார் என்று. நட்சத்திரங்களுக்கு வரும் கடிதங்களை யாரோ பிரிப்பார்கள், யாரோ பதில் போடுவார்கள். நீங்கள் போனை எடுத்தீர்கள். நான் ஜிம்மி டூஹன் பேசுகிறேன், இண்டியானாபோலிஸில் ஒரு ரசிகர் கூட்டத்துக்கு வருகிறேன், உங்களை அங்கே பார்க்க வேண்டும் என்றீர்கள். அவர் வந்தார். பேசினீர்கள். கிளம்பும்போது, அடுத்து செயின்ட் லூயிஸில் இருப்பேன், அங்கேயும் வந்துவிடுங்கள் என்றீர்கள். அங்கேயும் வந்தார். இப்படியே ஒவ்வொரு ஊராக இரண்டு மூன்று வருடம் போனது. நல்ல வார்த்தை பேசியதைத் தவிர நான் வேறு ஒன்றும் செய்யவில்லை என்று 1997-இல் வந்த ஆவணப்படத்தில் சொல்கிறீர்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை ஐயா. எங்கள் ஆலையில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு அட்டை தொங்கும். சரிபார்த்த தேதி ஒரு பக்கம், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த மெஷினை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். மனுஷியை மெஷினோடு ஒப்பிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். நாளை என்ற ஒன்றே வேண்டாம் என்றிருந்த ஒருவருக்கு நீங்கள் ஒவ்வொரு தடவையும் அடுத்த ஊரையும் அடுத்த தேதியையும் எழுதிக் கொடுத்தீர்கள். கட்டம் காலியாகவே இல்லை.

பிறகு தொடர்பு விட்டுப்போனது. அவர் என்ன ஆனார் என்று தெரியாமல் எட்டு வருடம் இருந்தீர்கள். ஒருநாள் கடிதம் வந்தது. எலக்ட்ரானிக் இன்ஜினியரிங்கில் முதுநிலைப் பட்டம் வாங்கிவிட்டேன், நன்றி என்று. இதைச் சொல்லும்போது உங்கள் குரல் உடைகிறது. உங்கள் வாழ்க்கையில் செய்த காரியங்களிலேயே சிறந்தது இதுதான் என்கிறீர்கள். ஜூனோ கடற்கரையில் நடந்த மனிதர் சொல்கிறார். நான் அந்த இடத்தில் டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களால் இன்ஜினியர் ஆனவர்கள் இன்னும் எத்தனையோ பேர். மில்வாக்கி இன்ஜினியரிங் கல்லூரி உங்களுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது அதற்காகத்தான். 2004-இல், மறதி நோயும் நடுக்க நோயும் உங்களை வளைத்திருந்த நேரத்தில், ஹாலிவுட்டில் பிரிவு உபசாரம் நடந்தது. அதற்கு வந்து பேசியவர் நீல் ஆம்ஸ்ட்ராங். விண்கப்பல் ஒன்று தனக்குக் கிடைத்தால் மாண்ட்கோமரி ஸ்காட் போல ஒரு இன்ஜினியர்தான் வேண்டும் என்றார் அவர். ஒரு பழைய இன்ஜினியர் இன்னொரு பழைய இன்ஜினியருக்குச் சொல்கிற நன்றி என்றார். நிலவில் கால் வைத்தவர், மரப்பலகையில் சுவிட்ச் வரைந்த செட்டில் நின்ற உங்களை இன்ஜினியர் என்றே கூப்பிட்டார். அடுத்த வருடம் நீங்கள் மறைந்த தேதி ஜூலை 20. அவர் நிலவில் இறங்கிய அதே தேதி.

அப்புறம் உங்கள் அஸ்தியின் பயணத்தையும் சொல்ல வேண்டும். 2007 ஏப்ரலில் நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு ராக்கெட்டில் கொஞ்சம் போனது. விண்வெளியைத் தொட்டுவிட்டு மலைப்பகுதியில் விழுந்தது, கண்டெடுக்க மூன்று வாரம் ஆயிற்று. 2008 ஆகஸ்டில் ஃபால்கன் 1 ராக்கெட்டில் மறுபடி. அது கிளம்பி இரண்டு மூன்று நிமிடத்தில் பழுதாகிக் கடலில் போய்விட்டது. 2012 மே மாதம் ஃபால்கன் 9 உங்களைச் சுற்றுப்பாதைக்கே கொண்டுபோனது. உடைந்தால் எழுப்பி, திரும்ப உடைந்தால் திரும்ப எழுப்பி, மூன்றாவது தடவை ஓட வைப்பது உங்கள் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

நடுவில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2020 கடைசியில்தான் வெளியே தெரிந்தது. 2008 அக்டோபரில் சொந்தச் செலவில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன ரிச்சர்ட் காரியட், உங்கள் மகன் கேட்டுக்கொண்டதற்காக, யாருக்கும் தெரியாமல் உங்கள் அஸ்தியில் ஒரு துளியையும் எடுத்துப்போயிருக்கிறார். உங்கள் போட்டோ அச்சிட்ட சின்ன அட்டை, அதற்குள் அஸ்தி, மேலே லேமினேஷன். அதை அந்த நிலையத்தின் கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தில் தரைத்தகட்டுக்கு அடியில் செருகிவிட்டு வந்துவிட்டார்.

ஆலையில் தரைத்தகட்டைத் தூக்கினால் எங்கள் உலகம் அங்கேதான் இருக்கும். கேபிள், பைப், வால்வு, போன தலைமுறை ஃபிட்டர் மறந்து வைத்துவிட்டுப் போன ஸ்பேனர். விசிறிகளின் இரைச்சல் ஓயாத அந்த நிலையத்தில் என்றைக்காவது ஏதோ ஒன்று மக்கர் செய்து, யாரோ ஒருவர் டார்ச்சோடு மிதந்து வந்து அந்தத் தகட்டைக் கழற்றினால், உள்ளே நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

இப்படிக்கு,
இரவு ஷிப்ட் முடிந்து வந்த ஒரு மெயின்டனன்ஸ் ஆள்