தொப்புள் தையல் பற்றி லேப்ராஸ்கோப்பி டாக்டர்களுக்கு ஒரு மடல்

டாக்டர்களுக்கு வணக்கம்.

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன், அதாவது வயிற்றைக் கிழிக்காமல் 4 சின்ன ஓட்டை வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள், அப்படியேதான் நடந்தது. தையல் பிரித்தபோது புண் நன்றாகக் காய்ந்திருந்தது. நாலாவது வாரம் தொப்புளை ஒட்டிப் பட்டாணி அளவில் ஒரு கட்டி. காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை, அதனால் யாரிடமும் சொல்லாமல் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். புடவைக் கொசுவத்தில் ஈரத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது, தண்ணீர் மாதிரி சீழ்.

அப்புறம் 2 மாதம் ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் ஆறும், அரை அங்குலம் தள்ளி இன்னொரு வாய் திறக்கும். சீழில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சர் டெஸ்ட்டில் ஒன்றும் வளரவில்லை. வேறொரு டாக்டர்தான், இது காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் கிருமியாக இருக்கலாம் என்று தனி கல்ச்சருக்கு அனுப்பினார். அதேதான். கிளாரித்ரோமைசின், அமிக்காசின் ஊசி என்று மாதக்கணக்கில் ஓடியது.

தொப்புளில் எண்ணெய் வைத்ததால் வந்திருக்கும் என்று முதலில் யாரோ சொன்னதை அம்மா இன்னும் மனதில் வைத்துக்கொண்டு தன்னையே நொந்துகொள்கிறார். தொப்புள் மடிப்பில் அழுக்கு தங்கும், ஆபரேஷனுக்கு முன் துடைத்து எடுக்க வேண்டும், சரி. ஆனால் இந்தக் கிருமி பெரும்பாலும் கருவிகளோடுதான் உள்ளே போகிறது. நீளமான மெல்லிய கருவி, மூட்டு மூட்டாகக் கழற்றித் தேய்க்காவிட்டால் சதைத் துணுக்கு இடுக்கிலேயே நிற்கும். குளூட்டரால்டிஹைடு என்னும் கிருமிநாசினித் திரவத்தில் 20 நிமிடம் முக்கி எடுப்பது ஸ்டெரிலைஸ் செய்வது ஆகாது, அதற்குச் சுமார் 10 மணி நேரம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? முக்கி எடுத்ததைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் கிருமியை நாமே திரும்ப ஏற்றுகிறோம். காலை லிஸ்ட்டில் 5 கேஸ், கையில் 2 செட் என்றால் 10 மணி நேரத்துக்கு எங்கே போவது? சூடு தாங்கும் கருவிகளையாவது ஒவ்வொரு கேஸுக்கும் அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போடுங்கள், கூடுதல் செட் வாங்கச் சொல்லி நிர்வாகத்தோடு சண்டை போடுங்கள். பித்தப்பையைப் பையில் போட்டு வெளியே இழுங்கள், 10 மில்லிமீட்டர் ஓட்டைக்குத் தோலுக்கு அடியில் இருக்கும் உறையையும் சேர்த்துத் தையுங்கள், குண்டானவர்களுக்கு அந்த இடத்தில்தான் பிறகு குடல் இறங்குகிறது.

டிஸ்சார்ஜ் சீட்டில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று எழுதுகிறீர்களே, அதன் கீழே ஒரு வரி சேருங்கள்: ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துக்கூட தையல் போட்ட இடத்தில் கட்டியோ கசிவோ வந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே வாருங்கள். அப்படி வருகிறவர்களின் சீழை முதல் நாளே அந்தத் தனி கல்ச்சருக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்