தட்டு வரிசைக்கு இங்கிலீஷில் என்ன?

ஸ்டுட்கார்ட்
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். மாம்பலத்தில் மழை எப்படி, தெருவில் தண்ணீர் நிற்கிறதா? இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. ஈழத் தமிழர் கடையில் முருங்கைக்காய் கிடைக்கிறது. விலையைச் சொன்னால் திட்டுவாய், விடு.

தங்கச்சி நிச்சயதார்த்தத்தைக் கொண்டாட ஆபீஸுக்கு மைசூர்பாகு கொண்டுபோனேன். டப்பாவின் மேல் இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் ‘கிஃப்ட்’ என்று எழுதி, கிச்சன் மேஜையில் வைத்தேன். மதியம்வரை ஒருத்தரும் தொடவில்லை. ஜெர்மனில் அதே எழுத்துக்கு அர்த்தம் விஷமாம்! பக்கத்து சீட்காரர் இரண்டு துண்டை வாயில் போட்டுக்கொண்டே விளக்கினார். இரண்டுக்கும் வேர் ‘கொடுப்பது’தான், கொடுத்த மருந்து போகப்போக விஷமாகிவிட்டது. வரதட்சணைக்கு ‘மிட்கிஃப்ட்’ என்று ஜெர்மனில் ஒரு சொல் இருக்கிறது, கூடக் கொடுத்தனுப்புவது என்று அர்த்தம். பழைய இங்கிலீஷிலோ இதே ‘கிஃப்ட்’ பெண்ணுக்காகக் கொடுக்கும் பரிசப் பணம். பரிசம் போடுவது நம் ஊர் சமாச்சாரம் மட்டும் இல்லை, பார்த்தாயா.

அப்புறம் போட்டோ காட்டினேன். 11 தட்டு: பட்டுப்புடவை, மஞ்சள் குங்குமம், கற்கண்டு, மாமா வைத்த வாழைப்பழச் சீப்பு. ஒரு தட்டில் ஆப்பிளைக் கோபுரமாக அடுக்கி, பளபள காகிதம் சுற்றி ரிப்பன் கட்டியிருந்ததே, அத்தை கைவேலைதானே? உச்சி ஆப்பிளில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

“இதெல்லாம் என்ன?” என்றார். ‘டௌரி’ என்று வாய் தவறி வந்துவிட்டது. “உங்கள் ஊரில் அது குற்றமில்லையா?” என்றார். 1961-லிருந்தே குற்றம்தான். நம் சீரை அந்தச் சொல்லில் சேர்க்க மனசு வரவில்லை. (வரதட்சணையையே சீர் என்று பேர் மாற்றி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் அவரிடம் சொன்னேன்.) ‘ட்ரூஸோ’ என்று ஒன்று உண்டு, பெண் எடுத்துப்போகும் துணிமணி, பிரெஞ்சில் சின்ன மூட்டை. அதில் ஆப்பிள் கோபுரம் அடங்காது. சரி என்று ‘சீர்’ என்றே எழுதிக் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்தில் அது தீர்க்கதரிசி ஆகிவிட்டது!

தை கல்யாணத்துக்கு மாமாவிடம் ஒன்று சொல். கேட்காமல் கொடுக்கிற சாமானையும் பட்டியல் எழுதி, பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும் என்று 1985-லேயே விதி வந்துவிட்டது. மொய் நோட்டு எழுதுகிறவரையே எழுதச் சொல். பாரிமுனையில் தட்டு வாங்கினால் எவர்சில்வர் போதும். பித்தளையைத் தேய்க்க உன்னால் முடியாது. அத்தையிடம் ஸ்டிக்கர் விஷயத்தை நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்புடன்,
உன் பெரியவன்