கணினி சொல்வது பாட்டியின் பதிலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமூக ஆய்வில் செயற்கை நுண்ணறிவு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒலிப்பதிவை எழுத்தாக்குவது, ஆயிரக்கணக்கான பதில்களை வகைபிரிப்பது எல்லாம் வரவேற்கத்தக்கவை. சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் சேர்த்துவரும் பதிவுகளில் தமிழ் நேர்காணல்களும் உண்டு. அவற்றுக்குள் சொல் கொடுத்துத் தேட முடிந்தால் எத்தனை ஆய்வேடுகளுக்குத் தீனி!

என்னை உறுத்தியது, கட்டுரை போகிற போக்கில் சொன்ன இன்னொரு செய்தி: மக்களிடம் கேட்பதற்குப் பதிலாகக் கணினியிடமே கருத்துக் கேட்பது. 'நீ எழுபது வயது இந்தியப் பெண், நாலறை வீட்டில் இருக்கிறாய்' என்று சொல்லி வினாக்களைக் கொடுத்தால் சளைக்காமல் பதில் வரும். 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஜிபிடி-3 என்ற செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியிடம் இப்படிக் கேட்டு, கிடைத்ததை உண்மையான வாக்காளர் பதில்களோடு ஒப்பிட்டு, நன்றாகப் பொருந்துவதாக எழுதினார்கள். ஆனால் மனிதரிடம் காணும் அளவுக்குக் கணினியின் பதில்களில் ஆளுக்கு ஆள் வேறுபாடு இல்லை என்று அடுத்து வந்தவர்கள் காட்டினார்கள். அங்கே சரிபார்க்கவாவது 1948 முதலான தேர்தல் ஆய்வுகள் இருக்கின்றன. இங்கே சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் தமிழ் மட்டுமே பேசும் மூதாட்டிக்குக் கணினி கொடுக்கும் பதிலை எதனோடு ஒப்பிடுவது?

சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு; 2010இல் அது 3.3. ஆயிரம் பேரைக் கேட்டால் நம்மவர் 25 பேர் தேறுவார்கள். அத்தனை சிறிய எண்ணிக்கையில் கிடைக்கும் விழுக்காடு ஏறத்தாழ 20 புள்ளிகள் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆகவே இந்த ஓட்டையைக் கணினியை வைத்து அடைக்கும் ஆசை ஆய்வாளருக்கு வரத்தான் செய்யும். தரவு குறைந்த இடத்தில்தான் கணினியும் அதிகம் தவறும். தவறினாலும் கண்டுபிடிக்க ஆளில்லை.

நான் பல ஆண்டுகள் பகுதிநேரமாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கதவைத் தட்டிக் கருத்துக் கேட்டவள். மகன் அருகில் இருக்கும்போது "எனக்கென்ன குறை" என்ற அம்மா, அவர் உள்ளே போனதும் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு வேறு கதை சொல்வார். பக்கத்தில் யார் இருந்தார் என்று படிவத்தின் ஓரத்தில் குறித்துவைப்போம். கணினிக்குப் பக்கத்தில் மகன் யாரும் நிற்பதில்லை. சீ-லயன் போன்ற நம் நாட்டுச் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் தமிழைக் கற்றிருப்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் தமிழ் தெரிந்ததாலேயே அந்த அம்மாவின் மனம் அதற்குத் தெரிந்துவிடாது.

சிறுபான்மையினரைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்து நேரில் கேட்கும் பழைய முறை இருக்கவே இருக்கிறது. செலவு பிடிக்கும், தமிழ் தெரிந்த களப்பணியாளர் வேண்டும். ஆய்வுக்குப் பணம் தருவோர் முதலில் அதற்கு ஒதுக்கட்டும். செயற்கைப் பதில்களைச் சேர்த்தே தீருவோம் என்றால், அவை எத்தனை, தமிழில் நேரில் கேட்டவை எத்தனை என்பதைப் பின்னிணைப்புக்குத் தள்ளாமல் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் களப்பணியாளர் ஒருவர்,
ஈசூன்